பறிக்கிற கையும் பறிகொடுத்த கையும்

எங்கள் ஊர்ப் பக்கம் கூடாரம் வரப்போகிறதாம். சர்க்கஸ் கூடாரம் இல்லை. உள்ளே கட்டில், மெத்தை, ஏ.சி., சுடுதண்ணி வருகிற கக்கூஸ் எல்லாம் வைத்த கூடாரம். இதற்குப் பேர் கிளாம்பிங். கிளாமரையும் கேம்பிங்கையும் கலந்து வெள்ளைக்காரன் செய்த சொல். காட்டில் படுத்த மாதிரி இருக்க வேண்டும், ஆனால் கொசு கடிக்கக் கூடாது. கூடாரத்தைச் சுற்றிக் காய்கறித் தோட்டமும் பழத்தோட்டமும் போடுவார்களாம். விருந்தாளி காலையில் எழுந்து ஒரு கூடையை மாட்டிக்கொண்டு போய்த் தக்காளி, கத்தரி, வெண்டை, கொய்யா எல்லாம் தன் கையாலேயே பறிக்கலாம். பறித்ததைச் சமைத்துப் போட ஆள் இருக்கும். காய்க்குக் காசு இல்லை. பறிக்கிற சந்தோசத்துக்குத்தான் காசு.

எனக்கு இந்தச் சேதியைக் கொண்டுவந்தவன் என் அக்கா மகன்.

"மாமா, பெங்களூர்ல இருந்து ஒரு பார்ட்டி வந்துச்சு. நம்ம மேட்டுக் கொல்லைய சுத்திப் பாத்துட்டு, தண்ணி தெரியுது, வியூ நல்லா இருக்குன்னு சொல்லிச்சு. பதினஞ்சு வருசத்துக்கு லீசுக்குக் கேக்குறாங்க. காலனிப் பசங்களுக்கு அங்கயே வேலயும் தராங்களாம்" என்றான்.

அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. எனக்கோ முதுகில் நாற்பது வருசத்துக்கு முந்தி விழுந்த புளியமிளார் இன்னொரு தடவை விழுந்தது போல இருந்தது.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். 1983. எனக்கு ஒன்பது வயசு. ஏரியூர் சந்தைக்குப் போகிற வழியில் ஊர்க்காரர் ஒருவரின் கிணத்துக் கொல்லை. வேலி ஓரத்தில் கொய்யா மரம். பழம் ஒன்று கீழே விழுந்து கிடந்தது, பாதியை அணில் தின்றிருந்தது. அதை எடுத்தேன். எடுத்ததோடு விட்டிருக்கலாம். தலைக்கு மேலே இன்னொன்று மஞ்சளாக இருந்தது, கை தானாகப் போய்விட்டது. பிடித்துக் கிணத்துமேட்டுத் தென்னையில் கட்டினார்கள். அப்பாவைக் கூட்டிவர ஆள் போனது. அப்பா வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். புளியமிளாரை அவர் கையிலேயே கொடுத்து, "நீயே அடிடா, நாங்க தொட்டா தீட்டு" என்றார்கள். அப்பா அடித்தார். அவர் மெதுவாக அடிக்கிறார் என்று மூன்று தடவை அதட்டினார்கள். அந்த வாரம் முழுக்க அந்தக் கொல்லையில் அம்மாவுக்குக் கூலி இல்லை.

இதில் என்ன விசேசம்? ஒன்றும் இல்லை. சேரியில் பிறந்த எந்த ஆணையும் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். மாங்காய், புளியங்காய், கரும்பு, கல்லக்கா என்று சரக்குத்தான் மாறும். மிளார் மாறாது. எங்களுக்குப் 'பறித்தல்' என்றால் மூன்றே மூன்று அர்த்தம். அடுத்தவன் கொல்லையில் கூலிக்குப் பறிப்பது ஒன்று. பசிக்குப் பறித்து அடி வாங்குவது ரெண்டு. எங்களிடமிருந்து மற்றவன் பறித்துக்கொள்வது மூணு. நாலாவதாக, பொழுதுபோக்குக்குப் பறிப்பது என்று ஒன்று இருப்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொள்கிறேன்.

கிராமத்துக் காட்டுமிராண்டித்தனம், நகரத்தில் இப்படி நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தேதி தருகிறேன். 2011 ஜூலை 3. சென்னை தீவுத்திடல் பக்கம் ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து 13 வயசுப் பையன் ஒருவன் மதில் தாண்டிப் போகிறான், நாட்டு வாதுமைக்காய் பறிக்க. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். 2012ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மதிலுக்கு உள்ளே கீழே விழுந்து மக்கிப்போகிற காய். யாரும் கிலோ போட்டு விற்காத காய். அதற்கு ஒரு பையனின் உயிர். மதிலுக்கு வெளியே இருக்கிறவன் கை உள்ளே நீண்டால் அது குற்றம். உள்ளே இருக்கிறவன் அதே மரத்தில் பறித்தால் அது அனுபவம். இப்போது அதை 'எக்ஸ்பீரியன்ஸ்' என்று பில்லில் போடுகிறார்கள்.

நான் வெளியே நின்று பேசவில்லை. அந்த மதிலுக்குள்ளேயும் இருந்திருக்கிறேன். கொரோனா வந்து பெங்களூரில் கட்டட வேலை நின்றுபோன சமயம், 2021ல், சேர்வராயன் மலைப் பக்கம் ஒரு விடுதியில் தோட்ட வேலைக்குப் போனேன். பேர் வேண்டாம். எட்டுக் கூடாரம். ஒரு ராத்திரிக்கு ஒரு கூடாரத்துக்கு வாங்கிய காசு எனக்கு இருபது நாள் கூலி. நாலு மாசம் இருந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் பாடம், எட்டுகிற உயரத்தில் இருப்பதைப் பறிக்கக் கூடாது. மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். "இடுப்புக்கு மேல, தலைக்குக் கீழ இருக்கிறது எல்லாம் கெஸ்டுக்கு. நீங்க மேல ஏறிப் பறிங்க, இல்லேன்னா குனிஞ்சு பறிங்க." யோசித்துப் பாருங்கள் தோழர்களே. மரத்துக்குக்கூட ஒரு சமூக அடுக்கு வைத்துவிட்டார்கள். விருந்தாளி நின்ற வாக்கில் நிமிர்ந்து பறிப்பார். நாங்கள் கிளையில் தொங்கியோ மண்ணில் குனிந்தோ பறிப்போம். விருந்தாளி தக்காளியை இழுக்கிற இழுப்பில் செடியே வேரோடு வந்துவிடும். கத்தரிக்காயைக் காம்போடு அறுக்கத் தெரியாமல் பிய்ப்பார்கள். வெண்டைச் செடியின் சுணை பட்டுக் கை அரித்தால் தேங்காயெண்ணெய் கொண்டு ஓட வேண்டியது நான். எங்க அம்மா முப்பது வருசம் வெண்டைக் கொல்லையில் கை அரிக்க அரிக்கப் பறித்தவள். அவளுக்கு எண்ணெய் கொண்டு ஓடியவர் யாரும் இல்லை. ராத்திரி கையைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

விருந்தாளிகளுக்கு மூங்கில் கூடை, ஓலைத் தொப்பி. எங்களுக்கு உரச்சாக்கு. போட்டோவில் சாக்கு விழக் கூடாது என்பதால் அவர்கள் பறிக்கிற நேரத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. "தோட்டத்துல ஆள் தெரியக் கூடாது" என்பது உத்தரவு. இயற்கை என்றால் ஆள் இல்லாமல் இருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தத் தோட்டத்தை உழுது, பாத்தி கட்டி, தண்ணி பாய்ச்சி, களை எடுத்தது யார் என்றால், பூமாதேவி. போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். மருந்து அடிக்காத காய் என்றும் அதே போர்டில் இருந்தது. விருந்தாளி வராத செவ்வாய்க்கிழமைகளில் மருந்து டேங்கை முதுகில் சுமந்தவன் நான்தான்.

ஒரு நாள் களைப்பில் கொய்யா ஒன்றைக் கடித்துவிட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டார். இந்தத் தடவை மிளார் இல்லை. சம்பளத்தில் பிடித்தார்கள். அப்போது எனக்கு வயசு நாற்பத்தியேழு. முன்னேற்றம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சமையல்கட்டில் என்னை விடவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு முடிந்த அன்றே எனக்கான இடம் முடிவாகிவிட்டது. செடி, உரம், கழிவுநீர்க் குழி. சமைக்கிறவர் வேறு. பரிமாறுகிறவர் வேறு. இவ்வளவு புதுமை செய்து, கூடாரத்துக்குள் ஏ.சி. வைத்து, குளியலறைக்குக் கண்ணாடிக் கூரை போட்டவர்களுக்கு, எங்க ஆயா காலத்து வேலைப் பிரிவினையை மட்டும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

உழைப்பாளியை நாற்றத்தோடும் வேர்வையோடும் அப்புறப்படுத்திவிட்டு, அவன் செய்கிற அசைவை மட்டும் எடுத்து விளையாட்டாக்குவது புதுசு இல்லை. பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத் 1783லிருந்து வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பொம்மைக் கிராமமே கட்டச் செய்தாள். குடிசை, பால் பண்ணை, கோழிக்கூண்டு எல்லாம் உண்டு. வெளியே நிஜமான குடியானவர்கள் ரொட்டிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அவள் கதை எப்படி முடிந்தது என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நம் பக்கத்தில் தேயிலையைப் பாருங்கள். மூணாறிலும் இலங்கை மலையகத்திலும் சுற்றுலா வருகிறவர்கள் கொழுந்து பறிக்கிற பெண்ணைப் போலத் தலையில் கூடையை மாட்டிக்கொண்டு ரெண்டு இலை, ஒரு மொட்டு கிள்ளி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். துரைகள் வாழ்ந்த பங்களாக்கள் சொகுசு விடுதிகள் ஆகிவிட்டன. லயங்கள் லயங்களாகவே இருக்கின்றன. இலங்கையில் 1948ல் அந்த மக்களின் குடியுரிமையையே பறித்தார்கள். நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்பதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மலை சரிந்து லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கப் போன தலித் குடும்பங்கள். தகரக் கூரையில் படுத்தவன் மண்ணோடு போகிறான். அதே மலையில் துணிக் கூரைக்கடியில் படுக்க ஒருவன் ஆயிரக்கணக்கில் கொடுத்து வருகிறான். கூரையின் பொருள் அல்ல இங்கே விசயம். விரும்பும்போது எழுந்து போக முடிகிறதா என்பதுதான் விசயம்.

கிராமம் என்றால் இனிமை, மண்வாசனை, பாட்டி கைப்பக்குவம் என்று பேசுகிற கூட்டத்துக்கு பாபாசாகேப் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையிலேயே பதில் சொல்லிவிட்டார். கிராமத்தை அவர் குறுகிய புத்தியின், அறியாமையின், சாதி வெறியின் கிடங்காகத்தான் பார்த்தார். எழுபத்தைந்து வருசம் தாண்டியும் அந்தக் கிடங்குக்கு வெள்ளையடித்து, வாசலில் செம்பருத்தி வைத்து, ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். பாட்டி கைப்பக்குவமாம். எந்தப் பாட்டி? எங்க ஆயாவின் கைப்பக்குவத்தில் மாட்டுக்கறி உண்டு, கல்லக்கா அறுவடை முடிந்த கொல்லையில் தப்பின காய்களைப் பொறுக்கி வந்து அவித்தது உண்டு. பொறுக்குவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். ஊர்க்காரர் ஆடு மேய்த்து முடித்த பிறகுதான் சேரிப் பொம்பளைகள் இறங்கலாம். முதலில் ஆடு, அப்புறம் நாங்கள். இதை மெனு கார்டில் போடுவார்களா?

இதையெல்லாம் மாப்ளயிடம் கொட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா, நீ சொல்றது எல்லாம் சரி. நான் இப்ப என்ன பண்றது? திருப்பூருக்குப் போய்ப் பன்னெண்டு மணி நேரம் மிசின்ல நிக்கறதா? பெங்களூர்ல சென்ட்ரிங் பலகை தூக்கறதா? இங்க இருந்தா அம்மாவப் பாத்துக்கலாம். அந்தக் கொல்லையில நீ என்ன வெச்ச? கேவுரு வெச்ச, மழ இல்ல. தக்காளி வெச்ச, கிலோ மூணு ரூவாய்க்குப் பாலக்கோட்டு மார்க்கெட்டுல கொட்டிட்டு வந்த" என்றான்.

உண்மைதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் கொல்லையில் ஒரு செடியும் இல்லை. அதற்கு முந்தின சீசனில் காய் இருந்தது, விலை இல்லை. தருமபுரி மாவட்டத்தில் தக்காளி வைக்கிற எவனுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். இந்த லட்சணத்தில் ஒருவன் தோட்டத்துக்கே வந்து, தானே பறித்துக்கொண்டு, மார்க்கெட் விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கிறேன் என்றால் அதை ஏன் வேண்டாம் என்கிறேன்? வாகன வாடகை இல்லை, கமிஷன் மண்டி இல்லை, பறிக்கிற கூலிகூட இல்லை. பிள்ளை கேட்கிற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளை 'நுகர்வு மோகத்தில் சிக்கியவர்கள்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். தப்பு.

விருந்தாளி வந்து பறிக்கிற இந்த யோசனையை அமெரிக்காவில் ஒடுக்கப்பட்ட சிறு விவசாயிக்காகவே ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ஒரு கறுப்பர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊர். கறுப்பர்களுக்காகப் புக்கர் டி. வாஷிங்டன் 1881ல் கல்லூரி தொடங்கிய ஊர். அங்கே தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்தவர் புக்கர் டி. வாட்லி. வங்கிக் கடன் மறுக்கப்பட்டு, மண்டிக்காரனிடம் ஏமாந்து, நிலத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்த கறுப்பின விவசாயிகளுக்கு அவர் சொன்ன வழி இதுதான்: 25 ஏக்கர் போதும். நகரத்துக் குடும்பங்களை வருசச் சந்தா கட்டுகிற உறுப்பினர்களாகச் சேர். முன்பணமாக வாங்கு. அவர்களே வந்து பறித்துக்கொள்ளட்டும். பண்ணை தார்ச்சாலை ஓரத்தில் இருக்க வேண்டும், ஐம்பதாயிரம் பேர் வாழ்கிற ஊருக்கு 40 மைலுக்குள் இருக்க வேண்டும் என்று அளவுகூடச் சொன்னார். 1987ல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார்.

இதைக் கேட்டதும் மாப்ள துள்ளினான். "அதத்தான மாமா நானும் சொல்றேன்!"

அதைத்தான் அவன் சொல்லவில்லை. வாட்லி சொன்ன வழியில் நிலம் கறுப்பனுடையது. வருகிற வெள்ளைக்காரன் அவனுக்குச் சந்தா கட்டுகிறான், அவன் சொல்கிற பாத்தியில்தான் பறிக்கிறான். பெங்களூர்ப் பார்ட்டி சொல்கிற வழியில் நிலம் அவன் கையில், மண்வெட்டி நம் கையில். பறிக்கிற விருந்தாளி ரெண்டு இடத்திலும் ஒரே ஆள்தான். கேள்வி விருந்தாளியைப் பற்றியதே அல்ல.

கறுப்பர்களுக்கும் அந்த வழி பெரும்பாலும் காலம் கடந்து வந்தது. 1865ல் விடுதலையானவர்களுக்கு 40 ஏக்கர் என்று ராணுவ உத்தரவு போட்டுக் கொடுத்ததை அதே வருசமே பிடுங்கிக்கொண்டார்கள். அதையும் மீறிக் காசு சேர்த்து நிலம் வாங்கியும், பெரும்பாலும் வாரத்துக்கு உழுதும் 1920ல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1990களில் இருபதாயிரத்துக்கும் கீழே. கடன் கொடுப்பதில் விவசாயத் துறையே நிறம் பார்த்தது என்ற வழக்கில் 1999ல் அரசு சமரசத்துக்கு வந்து நட்டஈடு கொடுத்தது. நிலம் போன பிறகு கிடைத்த நட்டஈடு.

நம் கதையும் இதே அச்சுத்தான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892ல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நிபந்தனை தெளிவானது. முதல் பத்து வருசம் யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டும்தான் கை மாற்றலாம். மீறினால் நிலம் அரசுக்குத் திரும்பும். அந்த நிலங்கள் இன்று எங்கே? பண்ணை வீடுகளுக்கு அடியில், தொழிற்சாலைகளுக்கு அடியில், கல்லூரிகளுக்கு அடியில். அதைக் கேட்டதற்குத்தான் காரணையில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி ஜான் தாமசையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. இந்தப் பக்கங்களை வாசிக்கிற இளைய தோழர்கள் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பெயர்களை வாசித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

எங்கள் மேட்டுக் கொல்லையும் கண்டிசன் பட்டாதான். நாகமரைப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணி ஏறுகிற கரைக்கு மேலே, பதினாலு குடும்பத்துக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தது. அணை 1925ல் தொடங்கி 1934ல் திறந்தது. 120 அடி நிரம்பினால் தண்ணி எங்கள் பக்கம் வரைக்கும் வந்து நிற்கும். அணைக்குள் போன ஊர்களில் ஒன்றில்தான் எங்க பாட்டனின் அப்பன் பண்ணையாளாக இருந்தாராம். பட்டா இருந்தவனுக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. ஆளுக்கு என்ன கிடைக்கும்? மேட்டுக்கு ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். கோடையில் தண்ணி வற்றினால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கின கோயிலின் நந்தி வெளியே தெரியும். பேப்பர்காரர்கள் வருசா வருசம் படம் எடுப்பார்கள். எங்கள் குடிசைகள் மூழ்கின இடத்தில் தெரிவதற்கு எதுவும் இல்லை. மண்சுவர்தானே.

தண்ணி இறங்கின நிலத்தில் கோடையில் விதைப்பது, ஆடு மாட்டைத் தண்ணிக்கு ஓட்டுவது, மீனுக்கு வலை போடுவது என்று கரையோடுதான் எங்கள் பிழைப்பு. கூடாரம் வந்தால் முதலில் வருவது வேலி. வேலி வந்தால் தண்ணிக்குப் போகிற தடம் போய்விடும். இது என் பயம் மட்டும் இல்லை. மலையில் நான் வேலை பார்த்த இடத்தில் ஓடைக்குப் போகிற தடத்தை மறித்துத்தான் 'நேச்சர் வாக்' போட்டிருந்தார்கள். அப்புறம் நீச்சல் குளம் கேட்பார்கள். தருமபுரி மாவட்டத்துத் தண்ணியில் புளோரைடு. பல் காவியேறின, முட்டி வளைந்த மனிதர்களை எங்கள் பக்கம் பார்க்கலாம். ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் காலனிக் குழாயில் தண்ணி வருகிற நாளை எண்ணிச் சொல்லலாம். இங்கே ஆழ்துளை போட்டுக் குளம் நிரப்புவார்கள், நாங்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

கண்டிசன் பட்டாவை வெளியாள் எப்படி லீசுக்கு எடுப்பான் என்று கேட்டேன். மாப்ளயிடம் அதற்கும் பதில் இருந்தது. பார்ட்டியின் டிரைவர் நம்ம ஆள்தானாம், அவர் பேரில் பத்திரம் போட்டுக்கொள்ளலாமாம். நூறு வருசத்துக்கும் மேலாகப் பஞ்சமி நிலம் போன அதே வழி. நம் பெயரிலேயே நம் நிலம் போகும்.

"சரி, நாமளே பண்ணலாமே" என்றான் அடுத்து. பிள்ளை விடமாட்டான். அரசுத் திட்டங்களையெல்லாம் போனில் வைத்திருக்கிறான். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 2023ல் வந்தது, 35 சதம் மூலதன மானியம். நிலமில்லாத நம் பெண்கள் நிலம் வாங்க நன்னிலம் திட்டம், பாதி மானியம், ஐந்து லட்சம் வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நன்னிலத்தில் நிலத்தை நம்மவர் அல்லாதவரிடம் வாங்க வேண்டும். காசு இருந்தாலும் சேரிக்காரிக்கு ஊர்க்கொல்லையை எவன் எழுதிக் கொடுக்கிறான்? முதலில் நாலு கூடாரம் என்றாலும் வங்கியில் ஈடு கேட்பான். கண்டிசன் பட்டாவை ஈடாக எடுக்கமாட்டான். நம்மைக் காப்பாற்றப் போட்ட நிபந்தனையே நமக்குக் கடன் கிடைக்காத காரணமாகவும் ஆகிறது. மகாராஷ்டிரத்தில் பாராமதியில் 2005லேயே விவசாயச் சுற்றுலாவை அமைப்பாகத் தொடங்கிவிட்டார்கள், 2020ல் அந்த மாநில அரசு தனிக் கொள்கையே போட்டது. அதுவும் விவசாயியை நோக்கித்தான் பேசுகிறது. அதாவது நிலம் வைத்திருப்பவனை. உழுகிறவன் அந்தக் காகிதத்தில் எங்கேயும் விவசாயி இல்லை, கூலி.

அதையும் தாண்டினோம் என்று வையுங்கள். கூடாரம் போட்டோம், வாழை வைத்தோம், கொய்யா வைத்தோம். வருகிறவன் கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும்? ஊருக்குள் நுழைந்ததும் வழி கேட்பான். "அது காலனிப் பக்கம் சார்" என்று ஊர்க்காரன் சொல்வான். அந்த ஒரு வார்த்தை போதும். எங்கள் கைபட்ட கத்தரிக்காயை மண்டியில் முகம் தெரியாமல் வாங்கித் தின்பான். எங்கள் வாசலில் வந்து பறித்து, எங்கள் அடுப்பில் வேகவைத்துத் தின்ன வேண்டும் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? வருகிறவர்கள் இருக்கலாம். பெங்களூரில் என்னோடு வேலை செய்த ரெண்டு வங்காளி நண்பர்கள் போன வருசம் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் அவரைப் பந்தலுக்கு அடியில் ஓடி ஓடிப் பறித்தன. எங்க அக்கா கண் கலங்கினாள். தன் கொல்லையில் குழந்தைகள் பறித்து விளையாடுவதை அவள் அன்றுதான் முதல்தடவை பார்க்கிறாள். அந்தச் சந்தோசத்தை நான் கேலி செய்யவில்லை. அந்தச் சந்தோசம் எனக்கும் வேண்டும்.

ஆனால் ஊர்க்காரன் வழி சொல்வதோடு நிற்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதே மாவட்டத்தில் நத்தம் காலனி இருக்கிறது. 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்றிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். காதல் கல்யாணம் காரணம் என்றார்கள். பெங்களூரிலும் வெளியூரிலும் உழைத்து வாங்கின பைக்கையும் பீரோவையும் டிவியையும் தேடித் தேடி ஏன் எரித்தார்கள்? எங்கள் ஆள் கூலியாக இருக்கிற வரைக்கும் ஊருக்குப் பிரச்சினை இல்லை. காரில் வருகிறவன் எங்கள் வாசலில் இறங்கி எங்களுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற காட்சியை அது எப்படிச் சகிக்கும்? அடுத்த வருசம் ஜூலை 4ஆம் தேதி தண்டவாளத்தில் கிடந்த இளவரசனின் முகத்தை மாப்ள வயசுப் பிள்ளைகள் மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை.

இதைச் சொன்னபோது அவன் கோபப்பட்டான். "அப்ப பயந்துகிட்டே சாவலாமா மாமா?"

இல்லை. பயந்து சாகச் சொல்லி நான் எழுதவில்லை. ஆள் வேலைக்கு ஆசைப்பட்டு நிலத்தை விடாதே என்கிறேன். கூடாரத்தை யார் போடுகிறார்கள் என்பது ரெண்டாவது கேள்வி. யார் பேரில் பட்டா, யார் கையில் வேலிச் சாவி, தண்ணித் தடம் திறந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. அரசாங்கம் 2023ல் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டு, கிராமத்துக்குச் சுற்றுலாவைக் கொண்டுவருவோம் என்கிறது. கிராமத்தில் எந்தப் பாதிக்கு? விடுதிக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரி அந்தச் சர்வே எண் கண்டிசன் பட்டாவா, பஞ்சமியா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒகேனக்கல்லில் தொடங்கி ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் வரைக்கும் முளைத்திருக்கிற பண்ணை விடுதிகளின் நிலம் முன்பு யார் பேரில் இருந்தது என்று நம் மாணவர்கள் பதிவேடுகளை எடுத்துப் பார்க்கட்டும். கவிதை எழுதுகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். நான் கிண்டலாகச் சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை நானும் மாப்ளயும் கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். மேட்டுக் கொல்லையின் அ பதிவேட்டு நகல் கேட்டோம். பதினாலு துண்டில் மூன்று, எங்களுக்குத் தெரியாத பெயர்களில் இருக்கிறது. அந்தப் பெயர்களில் எங்கள் காலனியில் யாரும் இல்லை, இருந்ததும் இல்லை. மாப்ள ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து மூன்றையும் படம் பிடித்தான். தாசில்தாருக்கும் ஆட்சியருக்கும் மனு எழுதியாகிவிட்டது. பதினோரு குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பெங்களூர்ப் பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறார்களாம், அட்வான்ஸோடு. வரட்டும். அவரை காய்த்திருக்கிறது, வேண்டுமானால் பறித்துக்கொண்டு போகட்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கிலோ நாற்பது ரூபாய்.